வெளியே வேலைக்குச் சென்று வருபவரும் வயதானவரும் ஒரே வீட்டில்: ஊரடங்குக் காலத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது?

கேள்வி
எழுதியவர்: மூன்றாம்மாடி, ஜூலை 2020

எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். நான், என் கணவர், 12 வயது மகன், 6 வயது மகள், 74 வயதான என் மாமியார். மாமியாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. கணவர் மின்சாரப் பராமரிப்புப் பணியில் இருப்பதால் ஊரடங்கிலும் அன்றாடம் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். நான் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்க்கிறேன். இரண்டு படுக்கையறைகள், ஒரு கூடம், ஒரே ஒரு குளியலறை, இவ்வளவுதான் வீடு.

ஊரடங்கு அறிவிக்கப்பட்ட உடனேயே, வேறு நாட்டில் வசிக்கும் என் நாத்தனார் அழைத்து, "அம்மாவை ஓர் அறையில் தனியாக வைத்துவிடுங்கள். அண்ணன் வெளியே போய் வருகிறார். குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொன்னார். அவருடைய கவலை நியாயமானது என்று எங்களுக்கும் தோன்றியதால் அப்படியே செய்தோம். அன்றிலிருந்து மாமியார் தம் அறையிலேயே இருக்கிறார். அறை வாசலில் ஒரு முக்காலியில் தட்டை வைத்துவிட்டு நான் விலகிக்கொள்வேன், அவர் வந்து எடுத்துக்கொள்வார். முன்பெல்லாம் பேத்தி இரவில் அவர் பக்கத்தில்தான் உறங்குவாள். இப்போது அவள் அந்த வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தாலே எங்களில் யாராவது ஒருவர் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுகிறோம். மாமியார் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிடுகிறார். அறைக்குள் நடப்பதையும் நிறுத்திவிட்டார், பகலிலும் பெரும்பாலும் படுத்தேதான் இருக்கிறார். இருமல் வந்தால் தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு இருமுகிறார். எங்கள் காதில் விழுந்தால் உடனே விசாரணை தொடங்கிவிடும் என்று அஞ்சுகிறார் போலும்.

இன்னொரு புறம், வீட்டைச் சுத்தம் செய்வதிலேயே என் நாள் கரைந்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பையையும் பொட்டலத்தையும் சோப்பு நீரால் துடைக்கிறேன், கதவின் கைப்பிடிகளை மணிக்கொரு முறை துடைக்கிறேன், காய்கறிகளைக்கூடச் சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறேன். குளியலறையில் கழிப்பறை அமிலத்துடன் பிளீச்சையும் சேர்த்து ஊற்றித் தேய்க்கிறேன். தேய்த்து முடிக்கும்போது கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது. உள்ளங்கை வெடித்துவிட்டது.

இவற்றுக்கு நடுவே நேற்றுத்தான் ஒன்று தெரியவந்தது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கொரோனா கடுமையாகத் தாக்கும் என்று கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, மாமியார் தாமாகவே மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிடுகிறாராம்.

கணவரோ, தாம் பணியிடத்தின் ஓய்வறையிலேயே தங்கிவிடுவதாகச் சொல்கிறார். அது மேலானதா? மாமியாரை இன்னும் எவ்வளவு காலத்துக்கு இப்படி வைத்திருப்பது? நான் செய்யும் சுத்தப்படுத்தும் வேலைகளில் எவை உண்மையிலேயே தேவையானவை? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி
எழுதியவர்: இரவுப்பணி

நான் கொரோனா நோயாளிகளுக்கான வார்டில் செவிலியராகப் பணிபுரிகிறேன். நீங்கள் கடைசியில் எழுதியிருப்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அந்த மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. நீங்கள் சொல்லும் செய்தி மார்ச் மாதத்திலேயே பரவத் தொடங்கிவிட்டது. இந்த வைரஸ் உடலின் உயிரணுக்களுக்குள் நுழைவதற்கு ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகைகள் அந்தப் புரதத்தின் அளவைக் கூட்டக்கூடும் என்பதால், அவை தொற்றையும் கடுமையாக்கலாம் என்று ஓர் ஊகம் எழுந்தது. அதற்கு மருத்துவச் சான்று இல்லை என்றும், நோயாளிகள் வழக்கம்போல் மாத்திரைகளைத் தொடர வேண்டும் என்றும் ஐரோப்பிய இதயநோயியல் சங்கம் 2020 மார்ச் 13 அன்றே அறிக்கை வெளியிட்டது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் திடீரென ஏறிப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடும். இன்றே அவருடைய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுங்கள். மாமியாரைத் திட்டாதீர்கள். அறையில் தனியாக இருப்பவருக்குக் கைப்பேசிதான் பேச்சுத்துணை, அது சொல்வதை அவர் நம்பியதில் வியப்பில்லை.

அடுத்தது குளியலறை. கழிப்பறை அமிலத்தையும் பிளீச்சையும் சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும். கண் எரிச்சலும் தொண்டைக் கமறலும் அதனால் வருபவைதான். சிறிய குளியலறையில், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால், நுரையீரலுக்குக் கடும் தீங்கு நேரும். அம்மோனியா கலந்த திரவங்களோடும் வினிகரோடும்கூடப் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது. ஏதேனும் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள், சாதாரண சோப்புத் தூளே போதும். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது என்பதால் சோப்பு பட்டாலே சிதைந்துவிடும்.

சுத்தப்படுத்துவதைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை, அட்டையின் மேல் ஒரு நாள் வரை வைரஸ் உயிர்ப்புடன் இருக்கும் என்று மார்ச் மாதம் வந்த ஆய்வைப் படித்துத்தான் பலரும் பொட்டலங்களைக் கழுவத் தொடங்கினார்கள். அது ஆய்வகத்தில் வைரஸை வேண்டுமென்றே படியவைத்துச் செய்த ஆய்வு. அந்த நேரத்துக்குள்ளேயே அதன் அளவு மளமளவென்று குறைந்துகொண்டே வருவதையும் அதே ஆய்வு காட்டியது. நடைமுறையில், ஒரு பொட்டலத்தைத் தொட்டதால் தொற்று வந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய நிகழ்வுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்துப் பொருளை எடுத்த பிறகு 20 வினாடிகள் கையைச் சோப்பால் கழுவினால் போதும். காய்கறிகளை ஓடும் நீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம், அது வயிற்றுக்குள் போகக்கூடியது. கைப்பிடிகளை மணிக்கொரு முறை துடைக்காமல், கணவர் வீடு திரும்பிய பிறகு ஒருமுறை துடைத்தாலே போதுமானது.

காற்றைத்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மார்ச் 10 அன்று இரண்டரை மணி நேரம் நடந்த ஒரு பாடற்குழுப் பயிற்சியில் 61 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களுள் நோய் அறிகுறியோடு வந்திருந்தவர் ஒருவர்தான். அங்கிருந்து மேலும் 52 பேருக்கு நோய் பரவியதாகக் கணக்கிட்டார்கள். அவர்களில் 32 பேருக்குச் சோதனையில் உறுதியானது, மற்றவர்களுக்கு அறிகுறிகளை வைத்து முடிவு செய்யப்பட்டது. இருவர் இறந்தார்கள். மூடிய இடம், நீண்ட நேரம், வாய் திறந்து உரக்கப் பாடுதல் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. இந்த மாதம் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து, காற்றின் வழியாகப் பரவுவதை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். அதன் பிறகு உலக சுகாதார நிறுவனமும், நெரிசலான, காற்றோட்டம் குறைந்த உள்ளிடங்களில் அவ்வாறு பரவும் வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது என்று ஜூலை 9 அன்று வெளியிட்ட குறிப்பில் ஒப்புக்கொண்டது.

வீட்டில் ஒருவர் சிகரெட் புகைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அருகில் மூடிய அறையில் இருப்பவர் அந்தப் புகையை நிறைய சுவாசிப்பார், சன்னலோரத்தில் இருப்பவர் குறைவாகச் சுவாசிப்பார், மாடித் தளத்தில் எதிரே நிற்பவர் மிகக் குறைவாகச் சுவாசிப்பார். உங்கள் கணவரின் மூச்சையும் அப்படியே எண்ணிப் பாருங்கள், வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்பது உங்களுக்கே புலப்படும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். கணவர் கூடத்தில் சன்னலருகே உறங்கட்டும், வீட்டிலும் மாமியார் இருக்கும் பக்கம் செல்லும்போது முகக்கவசம் அணியட்டும். குளியலறையை மாமியார் முதலில் பயன்படுத்தட்டும், கணவர் பயன்படுத்திய பிறகு வேறொருவர் நுழைவதற்கு முன் சிறிது நேரம் சன்னலைத் திறந்துவைத்துக் காற்று மாற விடுங்கள். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும் என்பதால், "எனக்கு ஒன்றும் இல்லையே" என்று கணவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

பணியிட ஓய்வறை எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே எத்தனை பேர் ஒன்றாகத் தூங்குவார்கள், சன்னல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். நான்கு பேர் கதவை அடைத்துக்கொண்டு உறங்கும் அறையை விட உங்கள் வீட்டுக் கூடம் எவ்வளவோ மேல்.

மறுமொழி
எழுதியவர்: ஐந்தொகை

மேலே எழுதியவரின் பணியை மதிக்கிறேன், ஆனால் இதில் என் கருத்து வேறு. சீனாவில் உறுதிசெய்யப்பட்ட 44,672 நோயாளிகளைப் பற்றிப் பிப்ரவரியில் வெளியான தரவில், ஒட்டுமொத்த இறப்பு விகிதம் 2.3 விழுக்காடாக இருந்தபோது, 70 முதல் 79 வயது வரை உள்ளவர்களிடம் அது 8 விழுக்காடாகவும், 80 வயதைக் கடந்தவர்களிடம் 14.8 விழுக்காடாகவும் இருந்தது. இந்த அம்மாவுக்கு வயதோடு சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. மனம் வாடுகிறது என்பதற்காக இப்படிப்பட்ட கணக்கை ஒதுக்கிவைக்க முடியாது. வாடிய மனத்தைப் பிறகு தேற்றிக்கொள்ளலாம், போன உயிர் திரும்பாது. ஓய்வறை சரியில்லை என்றால், ஒற்றை அறையாவது வாடகைக்கு எடுத்துக் கணவர் சில மாதங்கள் தனியாக இருப்பதே நல்லது. நாத்தனார் சொன்னதைக் குடும்பத் தலையீடு என்று யாரும் நினைக்க வேண்டாம், அவர் சொன்னது கணக்குப்படி சரியே.

மறுமொழி
எழுதியவர்: இரவுப்பணி

எண்கள் சரியானவைதாம். ஆனால் அவை நோய் உறுதியாகி, கணக்கில் வந்தவர்களிடையே நேர்ந்த இறப்புகள். தொற்று வருவதற்கான வாய்ப்பை அவை சொல்லவில்லை. நம் பேச்சு அந்த வாய்ப்பை எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றியதுதான். தனி அறை எடுக்கும் வசதி இருந்தால் நானும் மறுக்கமாட்டேன், அந்த வசதி எத்தனை குடும்பங்களுக்கு இருக்கிறது?

அந்தக் கணக்கில் சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும். நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்த ஓர் ஆய்வில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துபோனது. இந்த அம்மா மாதக்கணக்கில் படுத்தே இருக்கிறார். நாளை குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ஊரடங்கின் நடுவே அவரை மருத்துவமனைக்குத்தான் அழைத்துப் போக வேண்டியிருக்கும், நோய்த்தொற்று வாய்ப்பும் அங்கேதான் கூடுதல். எனவே வெறும் மனவாட்டம் என்று இதை ஒதுக்க முடியாது.

அவர் இருமலை மறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. முதியவர்கள் சிலருக்குக் காய்ச்சலே வராமல் இந்த நோய் வரும். சோர்வு, பசியின்மை, திடீர்க் குழப்பம், தடுமாறி விழுதல் ஆகியவையே முதல் அறிகுறிகளாக இருக்கலாம். இருமினால் அகப்பட்டுக்கொள்வோம் என்று அஞ்சும் ஒருவர் மூச்சு வாங்குவதையும் மறைப்பார். வயதானவர் தம் உடலில் தோன்றுவதைத் தயங்காமல் சொல்லும் நிலை வீட்டில் இல்லையென்றால், எத்தனை முறை கைப்பிடியைத் துடைத்தாலும் பயன் குறைவு.

மறுமொழி
எழுதியவர்: வெள்ளெழுத்து

எனக்கு வயது 77. ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். மகன் வீட்டில், உங்கள் மாமியாரைப் போலவே ஓர் அறையில் இருந்து வருகிறேன் என்பதால், வாசலின் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல எனக்குத் தகுதி இருப்பதாக நினைக்கிறேன்.

எங்களைப் பாதுகாக்கத்தான் இவ்வளவும் நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும், நன்றியும் உண்டு. ஆனால் எந்த முடிவும் எங்களுடன் கலந்து எடுக்கப்படவில்லை. எனக்காக என் மகன் தொலைபேசியில் என் மகளோடு விவாதிப்பது சுவர் வழியாக எனக்கு அரைகுறையாகக் கேட்கிறது. என்னைப் பற்றிய பேச்சில் நான் மட்டும் இல்லை. நாற்பது ஆண்டுகள் வகுப்பு நடத்தியவனுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் மாமியாரும் ஒரு குடும்பத்தை நடத்தி, அதிலே நோய்களையும் இழப்புகளையும் பார்த்து வந்தவராகத்தான் இருப்பார். ஐந்தொகை அவர்கள் எழுதியிருக்கும் அந்த 8 விழுக்காட்டைக் கூட அவரிடமே சொல்லலாம், தாங்கிக்கொள்வார். சொல்லாமல் விடுவதைத்தான் தாங்குவது கடினம்.

நீங்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றையும் சொல்கிறேன். எனக்குச் சில ஆண்டுகளாகக் காது மந்தம். அது எவ்வளவு மந்தம் என்பது எனக்கே இந்த ஊரடங்கில்தான் தெரிந்தது. பேசுபவரின் வாயசைவைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொண்டு வந்திருக்கிறேன் போலும். இப்போது மருமகள் முகக்கவசத்துடன் வாசலில் நின்று ஏதோ கேட்கிறாள், எனக்கு ஓசைதான் வருகிறதே தவிர சொல் வரவில்லை, இரண்டு முறை "என்னம்மா?" என்று கேட்டுவிட்டு மூன்றாவது முறை தலையாட்டிவிடுகிறேன். அவள் நான் ஒப்புக்கொண்டதாக எண்ணிப் போய்விடுகிறாள். எதற்கு ஒப்புக்கொண்டேன் என்பது சாப்பாடு வந்த பிறகோ, மருந்து வந்த பிறகோதான் தெரியவரும். உங்கள் மாமியார் பேசாமல் இருப்பதிலும், பாதிச் சாப்பாட்டை வைத்துவிடுவதிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் இப்போது ஒரு சிலேட்டு வைத்திருக்கிறோம். முக்கியமானதை அதில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறாள். மற்றபடி, அறைக்குள் இருக்கும் என்னைக் கூடத்திலிருந்தே கைப்பேசியில் அழைத்துப் பேசுகிறாள். பக்கத்தில் இருப்பவரோடு தொலைபேசியில் பேசுவது முதலில் கேலியாகத்தான் இருந்தது, ஆனால் காதுக்கு அருகில் தெளிவாகக் கேட்கிறது, ஆகவே விடவில்லை.

அவருக்கு ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். பொழுதுபோக்கைச் சொல்லவில்லை, வேலையைச் சொல்கிறேன். அதை அவர் செய்யாவிட்டால் வீட்டில் ஏதாவது ஒன்று நின்றுபோக வேண்டும், அப்படிப்பட்ட வேலை. பேத்திக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது அவருடைய பொறுப்பு என்று ஆக்கலாம். மாடித் தளமோ பால்கனியோ இருந்தால், இருவரும் முகக்கவசம் அணிந்து, இரண்டு கை எட்டாத தொலைவில் நாற்காலி போட்டு உட்காரட்டும். குழந்தை உரக்க வாசிக்கட்டும், பாட்டி பிழை திருத்தட்டும். அந்த நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வரவேண்டும் என்ற ஒரு கட்டாயம் வந்துவிட்டால் நடையும் தானே வந்துவிடும். செவிலியர் அம்மா சொன்ன தசைக் கணக்கை அவரும் தெரிந்துகொள்ளட்டும். பயமுறுத்துவதற்காக இல்லை, எதற்காக நடக்கச் சொல்கிறோம் என்பது தெரிந்தால்தான் எங்களைப் போன்றவர்கள் நடப்போம்.

மறுமொழி
எழுதியவர்: கரும்பலகை

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. யுனெஸ்கோவின் கணக்குப்படி, ஏப்ரல் மாதம் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி செல்ல முடியாமல் இருந்தார்கள். இணைய வகுப்பில் நான் சந்திக்கும் பிள்ளைகளில் சிலர் பாடத்தை விட வீட்டில் கேட்கும் ஒரு வாக்கியத்தைத்தான் சுமந்துகொண்டிருக்கிறார்கள்: "பக்கத்தில் போகாதே, உன்னால் பாட்டிக்கு ஏதாவது ஆகிவிடும்." ஆறு வயதுக் குழந்தை இதை அப்படியே நம்பும். நாளை பாட்டிக்கு வேறு எந்தக் காரணத்தால் உடல்நலம் குன்றினாலும், தன்னால்தான் என்று எண்ணிக்கொள்ளும். கையைப் பிடித்து இழுப்பதற்குப் பதிலாக, அந்தக் கோடு வரை வரலாம் என்று தரையில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். எங்கே நிற்கலாம் என்று சொல்லிவிட்டால் குழந்தைகள் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். 12 வயதுப் பையன் ஒன்றும் கேட்காமல் இருப்பான், அதனால் அவனுக்குக் கவலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா வெளியே போய் வருவதைப் பற்றி அவனிடம் தனியாகப் பேசுங்கள். சன்னல்களைத் திறந்து மூடும் பொறுப்பை அவனிடமே கொடுத்தாலும் நல்லது.

மறுமொழி
எழுதியவர்: மூன்றாம்மாடி

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரிடம் பேசிவிட்டோம், மாத்திரையை வழக்கம்போல் தொடரச் சொன்னார். மாமியாரிடமும் அவரே நேராகப் பேசினார். பிளீச்சையும் அமிலத்தையும் சேர்ப்பதை விட்டுவிட்டேன். பொட்டலம் துடைக்கும் வேலையும் நின்றதில் மாலையில் எனக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சமாகிறது. கணவர் கூடத்துக்கு மாறிவிட்டார். மகள் மாடித் தளத்தில் பாட்டியிடம் வாசிக்கிறாள், பாட்டி அவளைத் திருத்துவதை விட அவள் பாட்டியின் முகக்கவசத்தைத் திருத்துவதே அதிகமாக இருக்கிறது.

வெள்ளெழுத்து ஐயா சொன்னபடி, மாமியாரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறைக்காமல் பேசினோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எனக்கு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், கூட யாரும் இருக்க முடியாதாமே, அது உண்மையா?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கணவர் பேச்சை மாற்றிவிட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்று, நாத்தனாருக்கு இந்த மாற்றங்கள் பிடிக்கவில்லை. அம்மாவை வைத்துச் சோதனை செய்கிறீர்களா என்று கேட்கிறார்.

மறுமொழி
எழுதியவர்: இரவுப்பணி

உண்மையைத்தான் சொல்ல வேண்டும். நான் பணிபுரியும் வார்டில் உறவினர்களுக்கு அனுமதி இல்லை, பெரும்பாலான மருத்துவமனைகளில் இப்போது இதுதான் நிலை. அதே மூச்சில் மற்ற உண்மைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்குப் போகும் தேவையே இல்லாமல் குணமடைகிறார்கள், அவர் வயதிலும் அப்படித்தான். மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு மார்ச் மாதத்தில் எங்களிடம் இல்லாத சில வழிகள் இப்போது இருக்கின்றன. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தலைமையேற்று நடத்திய ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, விலை குறைந்த மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததாக ஜூன் 16 அன்று அறிவித்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. ஆகவே வீட்டில் முன்னெச்சரிக்கையாக வாங்கிச் சாப்பிடும் மருந்து இல்லை அது, சர்க்கரை அளவையும் ஏற்றிவிடும்.

அவரோடு சேர்ந்து ஒரு பையைத் தயார் செய்யுங்கள். அவர் முன்னிலையில், அவர் சொல்லச் சொல்ல. தினமும் சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள், ஒவ்வாமை இருந்தால் அதுவும், இரண்டு பேருடைய தொலைபேசி எண்கள், மூக்குக்கண்ணாடி, பல்செட் இருந்தால் அதற்கான டப்பா, கைப்பேசிக்கு நீளமான வயருள்ள சார்ஜர். கடைசியில் சொன்னதை அற்பமாக நினைக்காதீர்கள். படுக்கையிலிருந்து மின்இணைப்பு எட்டாததால் கைப்பேசி அணைந்துபோய், வீட்டில் இருப்பவர்கள் ஓர் இரவு முழுவதும் தவித்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காணொளி அழைப்பை எடுக்க அவருக்கு இப்போதே பழக்கிவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் ஒரு முதியவர் எங்கள் வார்டுக்கு வந்தால், முழுக்கவச உடையில் வரும் எங்களில் யார் யார் என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. செயற்கைச் சுவாசம் வரை போவதைப் பற்றி அவருக்கு ஏதாவது விருப்பம் இருந்தால் அதையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு உங்களுக்குத்தான் தயக்கமாக இருக்கும், அவர் எப்போதோ யோசித்து வைத்திருப்பார்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். மூச்சுத்திணறல் தெரியாமலேயே சிலருக்கு ஆக்சிஜன் அளவு இறங்கிவிடுகிறது. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தவறாகக் காட்டும். அதனால் கையைத் தேய்த்துச் சூடாக்கி, அமைதியாக உட்காரவைத்து, எண் நிலைத்த பிறகு பாருங்கள். 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரை அழைக்க வேண்டும், 90-க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது. நோய் வந்தவர்களில் பலருக்கு முதல் வாரம் இலேசாகக் கடந்து, அதன் முடிவில்தான் நிலைமை மோசமாகிறது. ஆகவே, நான்கைந்து நாள் நன்றாக இருந்தார் என்று கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

நாத்தனாரின் கோபத்தில் பாதி, தொலைவில் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற தவிப்பு. தினமும் இரவில் அம்மாவைக் காணொளியில் அழைத்து, மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டு, ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துவைக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். அம்மாவுக்குக் காணொளி அழைப்பும் பழகிவிடும்.

மறுமொழி
எழுதியவர்: ஐந்தொகை

கூடத்து ஏற்பாட்டை நானும் ஏற்றுக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கணவரின் பணியிடத்தில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள். அந்தச் செய்தி வந்த இரவில் உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் நிதானம் இருக்காது. தொற்று ஏற்பட்டவருக்கு அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள்களும், சிலருக்குப் பதினான்கு நாள்கள் வரையும் ஆகலாம் என்பதால், அவர் அந்தப் பதினான்கு நாள்களும் எங்கே தங்குவார், விடுப்பு கிடைக்குமா, அவருக்கு அறை தேவைப்பட்டால் குழந்தைகள் எங்கே உறங்குவார்கள் என்ற மூன்றுக்கும் விடை அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஒற்றை அறையைப் பற்றி இப்போதே விசாரித்து வைத்தால், வாடகைக்கு எடுக்காமல் போனாலும் நட்டமில்லை. எழுதி முடித்ததும் அந்தத் தாளின் ஒரு படியை நாத்தனாருக்கும் அனுப்பிவிடுங்கள், அவர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிலேயே விடை இருக்கும்.